ஒரே கோட்டுக்கு மூன்று நிறம்

என் தம்பி இரகுநாதனைப் போன்ற கெட்டிக்காரன் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் வேறு யாரும் கிடையாது. நம்பாவிட்டால் அவனையே கேளுங்கள், சொல்வான். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து உயர்தரப் பரீட்சை சித்தியடைந்து தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆனவன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் பார்த்துக்கொள்கிறேன். எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குப் பால் குடித்தது என்பதைக்கூட கொப்பியில் எழுதி வைப்பேன்.

2004இல் தம்பிக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் நிவேதிகாவும் ஆசிரியைதான். பதுளையில் பயிற்சிக்குப் போன இடத்தில் இருவரும் ஒருவரையொருவர் விரும்பிவிட்டார்கள். அவளுடைய அப்பா ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மட்டும்தான் யோசனை. குடும்பம் எப்படி என்று தெரிய வேண்டுமாம். ஆனால் லயத்துப் படி ஏறிவர மட்டும் மனமில்லை.

"அவர் வர வேணாம்க்கா. குடும்பத்தையே வெப்சைட்ல போட்டுர்றேன். வீட்டுக் கம்ப்யூட்டர்லயே பார்த்துக்கட்டும்" என்றான் தம்பி.

ஞாயிறுதோறும் பஸ் ஏறி பண்டாரவளையில் ஹபீஸ் நானாவின் இன்டர்நெட் கடைக்குப் போவோம். படங்களைக் கொண்டுபோவது என் வேலை. ஒவ்வொன்றின் பின்னாலும் யார், எந்த வருஷம், எதற்கு எடுத்தது என்று எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் தம்பி படத்துக்குக் கீழே தட்டச்சு செய்வான். முதல் பக்கத்தில் அருவி கொட்டியது, ரோஜாப்பூ சுற்றியது, நாதஸ்வரம் கேட்டது. எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்ணும் இருந்தது. முதல் மாதம் ஐம்பத்திரண்டு. அதில் நாற்பது தடவையாவது வந்தவன் தம்பிதான்.

வில்லங்கம் வந்தது "எங்கள் குடும்பத்து ஆண்கள்" என்ற பக்கத்தில். அப்பா 1968, சித்தப்பா 1979, தம்பி 1996 என்று வரிசையாக மூன்று படங்கள். ஹபீஸ் நானா திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், ஒங்கட குடும்பத்துக்கே ஒரு கோட்டுதானா?"

பண்டாரவளை ஸ்டூடியோவில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கும். படம் எடுக்க வரும் தோட்டத்து ஆள் அதை மாட்டிக்கொண்டு, தலையைச் சீவி, மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரைக்கு முன்னால் நிற்பான். இடது பக்கக் காலரில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை ஒன்று உண்டு. படங்கள் வெவ்வேறு வீட்டுச் சுவரில் தொங்கிய வரைக்கும் எல்லாம் ஒரே கோட்டு என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பிதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உலகத்துக்கே காட்டினான்.

உடனே கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினான். கம்ப்யூட்டரில் அப்பாவின் கோட்டை நீலமாக்கினான், சித்தப்பாவுடையதைக் காப்பி நிறமாக்கினான், தன்னுடையதைச் சிவப்பாக்கினான்.

"அப்பா கையும் நீலமாயிருச்சேடா. பாம்பு கடிச்ச மாதிரி இருக்கு."

"சும்மா இரு அக்கா, கைய யாரு பார்க்கப் போறா?"

முப்பது வருஷம் செக்ரோல் என்கிற சம்பளப் பேரேட்டில் பிழை தேடியே பழகிய பெரிய கிளாக்கர் பார்க்காமல் விடுவாரா? கையையும் பார்த்தார், ஓட்டையையும் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார்.

"ஏன் மாஸ்டர், மூணு கோட்டுலயும் ஒரே எடத்துல ஓட்டை இருக்கே? ஒரே எலிதான் கடிச்சிச்சா? எரவல் கோட்டுக் குடும்பத்துல பொண்ணு குடுக்க நாங்க யோசிக்கணும்."

தம்பி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் அழித்துவிடுவதென்று கடைக்குப் போனோம். அங்கே நிவேதிகாவின் மின்னஞ்சல் காத்திருந்தது. கூடவே ஒரு படம். அதே படிக்கட்டு, அதே கோட்டு, அதே ஓட்டை. உள்ளே மீசையோடு விறைப்பாக நிற்பவர் பெரிய கிளாக்கர். கொழும்பில் அளவெடுத்துத் தைத்த கோட்டு என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாராம்.

"இது எங்க அப்பா, 1971. இதையும் சேர்த்துக்கோங்க. நெறம் மாத்த வேணாம்" என்று எழுதியிருந்தாள்.

தம்பி என் பக்கம் திரும்பினான். "போடுடா" என்றேன். கீழே எழுத வேண்டியதையும் நானே சொன்னேன்.

ஐந்தாம் நாள் பெரிய கிளாக்கர் எங்கள் லயத்துப் படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. தேத்தண்ணீர் கொடுத்தேன்.

"அந்தப் படத்த எடுத்துறச் சொல்லும்மா."

"எந்தப் படங்க ஐயா?"

"அதான், அந்தக் கோட்டுப் படம்."

"கோட்டுப் படம் நாலு இருக்குங்களே."

தேத்தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். "என்னோடது மட்டும். மத்தது இருக்கட்டும். தம்பியக் கூப்பிடு, தை மாசத்துல ஒரு நாள் பார்ப்பம்."

தையில் கல்யாணம் நடந்தது. தம்பி சொன்னபடி மாமனாரின் படத்தை அழித்துவிட்டான். படத்தைத்தான் அழித்தான், கீழே இருந்த எழுத்தை மறந்துவிட்டான். அந்த இடத்தில் ஒரு வெறும் கட்டம், மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி, அதன் கீழே: "பெரிய கிளாக்கர் ஐயா, 1971. கோட்டு ஸ்டூடியோவுடையது."

கெட்டிக்காரன் இன்னும் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. எழுதியதில் பிழை ஒன்றும் இல்லையே.