பழுப்புப் புகையும் மல்லிப் பூவும்

எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலையில், நைட்ரிக் அமிலப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். புகைபோக்கியில் பழுப்பாகப் புகை கிளம்பினால் கேன்டீனில் எவனாவது ஆரம்பித்துவிடுவான். "மாமு, இந்தப் பொகைய முழுங்கிகினே இருந்தா ஆம்பளத்தனம் பூடும்." எல்லோரும் சிரிப்போம். உள்ளுக்குள் எல்லோருக்கும் உதறல்தான்.

காலை ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் பக்கத்தில் கல்மண்டபம் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி மல்லி வாங்குவேன். பிள்ளைகளுக்கு அது வெறும் பூ. எனக்கும் என் மனைவிக்கும் மட்டும் அதில் ஒரு சேதி இருந்தது. வாங்கித் தலையில் வைத்துக்கொள்வாள். அன்றைக்கு என் தட்டில் வறுத்த மீன் ஒரு துண்டு கூடுதலாக விழும். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஐம்பதைத் தாண்டியதும் உடம்பு மக்கர் பண்ணியது. பழியைத் தூக்கிப் புகை மேல் போட்டேன். முடியாத காரியத்துக்குச் சேதி எதற்கு என்று பூ வாங்குவதையும் விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் அவள் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகு, சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் போன மாதம்தான் வாயைத் திறந்தேன். நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உடம்பே சுரக்கிறது, அதுதான் ரத்தக்குழாயைத் தளர்த்தி அங்கே ரத்தம் பாயவிடுகிறது, சர்க்கரையும் சிகரெட்டும் அதைக் குறைத்துவிடும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமோனியாவை எரித்து நாங்கள் முதலில் எடுத்ததே அந்த வாயுவைத்தான். காற்றோடு சேர்ந்தபின்தான் அது பழுப்பாகும். டன் கணக்கில் தயாரித்தவன் உடம்பில் அதற்குத் தட்டுப்பாடு. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை ஏதும் போடுவதில்லையே, இந்த மருந்தோடு அது சேர்ந்தால் ஆபத்து என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டுதான் மருந்து எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். புகை, சர்க்கரை, வாயு, என் பயம். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"நான் கெயவியாயிட்டேன், அதான் உனுக்குப் புடிக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன்யா," என்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "ஒடம்பு முடியலன்னா முடியல. அதுக்கு பூவ ஏன்யா நிறுத்தின?"

மருந்துச் சீட்டை அலமாரி மேல் வைத்துவிட்டு, கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு கல்மண்டபத்துக்கு நடந்தேன்.