கேஜ் ஏறினால் படம் சுருங்கும்

என் வீட்டுக்காரர் பெயர் சௌந்தரராஜன். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று என் அம்மா கங்கம்மா இன்றைக்கும் முறைப்பாள். பெயரைச் சொல்லாமல் அவர் கதையை எப்படிச் சொல்வதாம்? டெலிவிஷன் இன்ஜினீயர். அதுவும் எப்போது தெரியுமா? சுற்றுவட்டாரத்தில் டெலிவிஷனே இல்லாத காலத்தில்!

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனுக்கு அடுத்த லைன்தான் அவர்கள் வீடு. தங்கச் சுரங்கங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருடம் அவர் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார். அவர் அப்பா, என் அப்பா ராஜப்பா, பிறகு என் அண்ணன் துரை, எல்லாருமே கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி பூமிக்கு அடியில் போய்ப் பாறை உடைக்கிற கூட்டம். இவர் மட்டும் சின்ன வயதிலிருந்தே மேலே பார்த்த ஆள். எந்தக் கூரையில் ரேடியோ கம்பி தெரிந்தாலும் அண்ணாந்தபடி நின்றுவிடுவார். பின்னால் வரும் சைக்கிள்காரன் திட்டுவது காதில் விழாது. பெங்களூரில் டிப்ளமா படித்தார். முடித்ததும் மைன்ஸ் எலக்ட்ரிகல் செக்ஷனில் வேலை கிடைக்கும், குவார்ட்டர்ஸும் கிடைக்கும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். மகராசன் அதை வேண்டாம் என்றுவிட்டு, பெங்களூரில் டெலிவிஷன் பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். லைனே வாயைப் பிளந்தது.

பெங்களூரிலும் அப்போது ஒளிபரப்பு கிடையாது. செய்கிற பெட்டியெல்லாம் டெல்லிக்கும் பம்பாய்க்கும் போகும். சனிக்கிழமை ரயிலில் ஊருக்கு வருகிறவரை என் அப்பா வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

"இன்னா தம்பி, அந்தப் பொட்டியில இன்னாதான் பாக்கற?"

"கோடு பாப்பேன் மாமா. குறுக்கால கோடு, நெடுக்கால கோடு, நடுவுல ஒரு வட்டம். கோடு வளைஞ்சிருந்தா நிமித்தணும்."

"நாள் பூராவா?"

"நாள் பூரா மாமா."

"இதுக்கு சம்பளம் வேற குடுக்கறானா!" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார். "அப்பால, யாருடா உனக்கு மாமா?"

அந்த 'மாமா'வில்தான் விஷயமே இருந்தது. அவர்கள் வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டிருந்தார்கள். எனக்கும் இஷ்டம்தான், ஏன் மறைக்க வேண்டும்? அப்பாதான் ஒற்றைக் காலில் நின்றார். மைன்ஸ் ஸ்டோர்ஸில் கிளார்க்காக இருந்த வேறொரு பையனை மனதில் முடித்து வைத்திருந்தார். "படம் வராத ஊர்ல படப்பொட்டி செய்யறவனை நம்பி எப்பிடி பொண்ணு குடுக்கறது? இந்த வூட்டுல ஒரு சாயங்காலம் முழுசா படம் காட்டச் சொல்லு. இல்லாட்டி பொங்கல் கழிஞ்சதும் ஸ்டோர்ஸ் பையனுக்குத் தட்டு மாத்திடுவேன்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெட்ராஸில் ஒளிபரப்பு ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அது இவ்வளவு தூரம் வராது என்று கம்பெனியில் சிரித்தார்களாம். நம் ஊர் மேட்டில் இருக்கிறது, வந்தாலும் வரும் என்று இவர் கணக்குப் போட்டார். ஒரு பெட்டியைக் கம்பளியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்து ரயிலில் கொண்டுவந்தார். எங்கள் லைனுக்குப் பின்னால் சயனைடு மேடு இருக்கிறதே, தங்கம் எடுத்த பிறகு கொட்டின மண்மலை, அதன் உச்சியில் வாட்ச்மேன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஆன்டெனா நட்டார். அங்கிருந்து எங்கள் வீட்டு ஜன்னல் வரை ஒயர்.

கொஞ்ச நாள் வெறும் புள்ளிமழைதான். ஒரு சாயங்காலம் அதற்குள்ளிருந்து ஒரு மனிதர் முகம் வந்தது. செய்தி வாசித்தார். பக்கத்து வீட்டு லூயிசா அக்கா, "ஐயையோ, என்னையே பாக்கறாரே!" என்று உள்ளே ஓடிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தாள்.

அப்பாவுக்கு மட்டும் திருப்தியில்லை. "இன்னா இது, படம் இளைச்சிக்கினே போவுது?"

ஆமாம். நாலு பக்கமும் கறுப்பு விழுந்து படம் உள்ளுக்குள் சுருங்கும், கொஞ்ச நேரத்தில் பழையபடி விரியும்.

"ஷாப்டுல கேஜை இழுக்கற இன்ஜின் இருக்குதில்ல மாமா, அது கெளம்பும்போது கரண்டை வாரி இழுத்துக்குது. நம்ம லைனுக்கு வோல்டேஜ் கொறையுது. அதான்."

"அப்போ நீ காட்டினது முழுப் படம் இல்ல. சுருங்காம ஒரு சாயங்காலம் காட்டு, பேசலாம்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். என்ன மனுஷன்!

ஆனால் பெண்களுக்கு அந்தச் சுருக்கம் பிடித்துவிட்டது. ஷாப்டின், அதாவது சுரங்கக் கிணற்றின், மேலே கேஜ் கயிறு ஓடுகிற பெரிய சக்கரத்தை எங்கள் லைனிலிருந்து பார்க்க முடியாது, சயனைடு மேடு மறைத்துவிடும். சக்கரம் ஓடினால் கீழே எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். என் அம்மாவின் தம்பி பாறை வெடிப்பில் போன அன்று சக்கரம் நின்றிருந்தது. அன்று முதல் ஒவ்வொரு ஷிப்டிலும் அம்மா மேட்டைச் சுற்றிப் போய்ச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வருவாள். இப்போது வீட்டுக்குள்ளேயே தெரிந்துவிட்டது. படம் சுருங்கினால், "கேஜ் ஏறுது" என்பாள். மறுபடி அவரைக்காய் நறுக்குவாள். யார் ஆடினார்கள், யார் பாடினார்கள் என்று கேட்டால் தெரியாது. அவள் பார்த்ததெல்லாம் படத்தின் ஓரத்தைத்தான்.

இதெல்லாம் இவர் கண்ணில் படவில்லை. பெங்களூர் போய், வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து ஒரு ஸ்டெபிலைசர் செய்தார். வோல்டேஜ் எப்படிக் குறைந்தாலும் பெட்டிக்குச் சமமாகக் கொடுக்கும் கருவி. பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை கொண்டுவந்து, டெலிவிஷனுக்குப் பின்னால் துண்டு போட்டு மூடி வைத்துவிட்டார். என்னிடம்கூட மூச்சு விடவில்லை. எல்லாரையும் அசத்தப் போகிறாராம்!

அன்று அண்ணனுக்கு இரண்டாம் ஷிப்ட். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். படம் வந்தது. அடடா, என்ன படம்! மூலைக்கு மூலை நிறைந்து நின்றது. நான் கும்பிடாத சாமியில்லை. அப்பா நாலு மூலையையும் உற்றுப் பார்த்தார். இவர் மட்டும் சுவரில் சாய்ந்து, மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"ஏண்டி, படம் சுருங்கவே இல்லியே?"

லூயிசா அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். "சக்கரம் நின்னு போச்சு கங்கம்மா!"

அவ்வளவுதான். அரிவாள்மணை ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடினார். "குணா, நில்லு, படம் நல்லாத்தானே வருது!" என்று இவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணன் கீழ கீறான்யா!" என்று நானும் ஓடினேன். பக்கத்து வீடுகளிலிருந்தும் சனம் சேர்ந்துகொண்டது.

மேட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்தால், சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. "இன்னா ஊர்வலம்?" என்றான் கேட்டில் நின்ற வாட்ச்மேன். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதபடியே சிரித்தாள்.

திரும்பி வந்தபோது, யாருமில்லாத கூடத்தில் படம் முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. இவர் அதன் பக்கத்தில் திருடன் மாதிரி நின்றார். துண்டை எடுத்துக் கருவியைக் காட்டினார்.

"பாவி, என் உசுரே போயி வந்துதுடா!" என்று அம்மா கத்தினாள்.

அப்பா மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தார். கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சொன்னது சொன்னதுதான். இன்னும் செய்தி பாக்கி கீது. அது முடியற வரைக்கும் சுருங்காம நின்னுதுன்னா, பொண்ணு உனுக்கு."

நின்றிருக்கும். சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் இவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா டெலிவிஷனைப் பார்க்கவில்லை, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் குனிந்து கருவியின் ஒயரைப் பிடுங்கினார். பெட்டியை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டினார்.

அடப்பாவி மனுஷா, கெடுத்தியே காரியத்தை! எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆன்டெனாவைப் பிடுங்கி அவர் தலையில் போட்டிருப்பேன்.

படம் வந்தது. கொஞ்ச நேரத்தில் சுருங்கியது.

"ஏறுது" என்று அம்மா அரிவாள்மணையைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

செய்தி முடியும் வரை அப்பா படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். படம் விரிந்தது, சுருங்கியது, விரிந்தது. நான் சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"கங்கம்மா, ஸ்டோர்ஸ் பையன் வூட்டுக்கு வேணாம்னு நாளைக்கே சொல்லி அனுப்பிடு."