பன்றி வெடியும் என் வாசகர் கடிதமும்

முப்பத்தொரு ஆண்டுகளாக நான் ஒரு மாத இதழுக்குச் சந்தா கட்டி வருகிறேன். துப்பாக்கி உரிமம் உள்ளவர்களுக்காகவும் சுடும் சங்கத்துக்காரர்களுக்காகவும் தொடங்கப்பட்ட இதழ். வேட்டைக்குத் தடை வந்து பல காலம் கழித்தே அது தொடங்கியது. ஆகவே அதில் வந்தவை எல்லாம் பெரியவர்களின் பழைய வேட்டை நினைவுகள், துப்பாக்கி துடைக்கும் முறை, போட்டி முடிவுகள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் புதிய ஆசிரியர் வந்தார். அட்டையில் பூநாரை வந்தது. கண்மாய்ப் பறவைகள், கேமரா லென்சு, காட்டு நடை என்று பக்கங்கள் மாறின. நான் பென்சிலை எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். நாற்பத்தெட்டுப் பக்கத்தில் துப்பாக்கி பதினொரு பக்கம். அடுத்த ஆண்டு ஏழு. போன ஆண்டு தை மாத இதழில் இரண்டே முக்கால். அந்த முக்காலிலும் கால் பங்கு விளம்பரம். வாசகர் கடிதங்களையும் கணக்கெடுத்தேன். மாற்றத்தைப் புகழ்ந்தவை பத்தொன்பது, திட்டியவை இருபத்து மூன்று. திட்டியவற்றில் ஆறு என்னுடையவை.

விருதுநகரில் பேப்பர் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் என் நண்பர். அவரும் சந்தாதாரர், புகழ்ந்த கட்சி. சனிக்கிழமை தோறும் திருத்தங்கலுக்கு லோடு இறக்க வருவார். வேலை முடிந்ததும் டீக்கடையில் என் பக்கத்தில் உட்காருவார். நான் கணக்கைச் சொன்னதும் சிரித்தார்.

"ஏம் போர்மேன், வாழ்நாள்ல ஒரு முயலாவது சுட்டிருக்கீகளா?"

"லைசென்ஸ் இருக்குல்ல."

"எங்கிட்டயும்தான் பாஸ்போர்ட் இருக்கு. இன்னும் ஹஜ்ஜுக்குப் போகலையே. எலெக்சன் வந்தா ஒப்படைக்கணும்னு உங்க துப்பாக்கி போலீஸ் ஸ்டேசன்ல போய் இருந்துட்டு வருது. அதுவாவது நாலு எடம் பாத்திருக்கு."

டீக்கடைக்காரரும் சிரித்தார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எழுதிய கடிதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். நான் பட்டாசு ஆலையில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் இருபத்திரண்டு ஆண்டுகள் போர்மேன். சேர்ந்த புதிதில் சில தொழிலாளிகள் தீவனத்துக்குள் வெடியை மறைத்து வைத்துக் காட்டுப்பன்றியைக் கொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருமுறை செத்த பன்றியைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேட்டை. கடிதத்தில் அந்தக் கூட்டத்தின் நடுவில் என்னை வைத்தேன். 'கேமராவைத் தூக்கிக்கொண்டு கொக்கின் பின்னால் அலையும் இளைஞர்கள் அறிய வேண்டும்: எங்கள் வட்டாரத்தில் நாங்கள் துப்பாக்கிகூட இல்லாமல், கைத்தொழிலை வைத்தே பன்றி பிடித்தவர்கள்' என்று எழுதினேன். எப்படிச் செய்வது என்று எழுதவில்லை. எங்கள் ஊரில் அதை எழுத வேண்டிய தேவையும் இல்லை. வெடிமருந்தோடு பழகாத வீடு இங்கே எத்தனை?

நான்கு பக்கக் கடிதத்தை ஆசிரியர் இருபத்து மூன்று வரியாக வெட்டிப் போட்டார். கீழே, 'இது கொடுமை, தண்டனைக்குரிய குற்றமும்கூட. மாற்றுக் கருத்துக்கும் இடம் தருவது நம் வழக்கம் என்பதால் வெளியிடுகிறோம்' என்று குறிப்பு. எனக்கு அந்தக் குறிப்பின் மீதுதான் கோபம். ஆனாலும் ஐந்து பிரதிகள் கூடுதலாக வாங்கினேன். ஒன்றைப் பாய்க்கு அனுப்பினேன். ஒன்றை, அச்சங்குளம் பக்கத்தில் மக்காச்சோளம் போட்டிருந்த ஒருவரிடம் என் கையாலேயே கொடுத்தேன். மருந்து அறையில் ஒன்பது ஆண்டுகள் என்னிடம் வேலை பார்த்தவர். பன்றி வந்து கொல்லையை உழுதுவிட்டுப் போகிறது என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தார். என் கடிதத்துக்குப் பேனாவால் ஓரக்கோடு போட்டுக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, நீங்களா? உங்களப் பாத்தா பூனையக்கூட விரட்ட மாட்டீகன்னு நெனச்சோம்" என்றார்.

அந்தச் சொல்லில் எனக்கு வந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

அதிலிருந்து பதினேழாம் நாள் காலையில் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தார். அவரும் என் ஆலையில்தான் பதினாறு ஆண்டுகள் திரி வைக்கும் வேலை செய்தவர். கணவர் இல்லை. ஒரு பசுவை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அண்ணாச்சி, மாடு செத்துப்போச்சு. மக்காச்சோளக் கொல்ல ஓரத்துல மேஞ்சிருக்கு. வெடியக் கடிச்சிருச்சு. தாடையே இல்ல அண்ணாச்சி. மூணு நா தண்ணிகூடக் குடிக்க முடியாம நின்னுச்சு. டாக்டர் வந்து பாத்துட்டு ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாரு."

நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"ஸ்டேசனுக்கு ஒரு மனு எழுதணும். நல்லா எழுதுறவுக நீங்கதானே."

எழுதினேன். இரண்டு பக்கம். பசுவின் நிறம், வயது, ஒரு நாளைக்குக் கறந்த ஆறு லிட்டர், எல்லாம் எழுதினேன். குற்றவாளி என்ற இடத்தில், 'அடையாளம் தெரியாத நபர்' என்று எழுதினேன். பேனா ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தார். "நேர்ல பாத்த மாதிரியே எழுதியிருக்கீக" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று மடித்து எடுத்துக்கொண்டார்.

அன்று மதியமே பேருந்து ஏறி மக்காச்சோளக்காரரிடம் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார்.

"ஏலே, நீயா வச்ச?"

"பன்னிக்குத்தான் அண்ணாச்சி வச்சேன்."

"படிச்சவன்தானே நீ? கீழ குற்றம்னு போட்டிருந்தானே!"

"அதை நீங்கதான் விட்டுத்தள்ளுன்னீக. அவனுக்கு என்ன தெரியும், கேமராக்காரப் பயன்னு சொன்னீக."

சொல்லியிருந்தேன். மறந்தே போயிருந்தது.

"ஸ்டேசனுக்கு வா, சொல்லிருவோம்" என்றேன்.

அவர் மறுபடி உட்கார்ந்தார். "நீங்களும் வருவீகன்னா வாரேன். அங்கன கொண்டுபோய்த் தனியா விட்டுராதீக."

மாலையில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், இதழை விரித்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பன்றி வேட்டை பொய் என்பதையும் சொன்னேன். அவர் அழவில்லை, ஏசவும் இல்லை.

"ஆலையில ரூமுக்கு நாலு பேருன்னு சட்டம். அஞ்சாவதா ஒருத்தி தண்ணி குடுக்க வந்து நின்னாக்கூட வெரட்டி விடுவீக. ஒங்க ரூம்ல வேலன்னா எங்க வீட்ல தைரியமா அனுப்புவாக." இதழை மூடி என் பக்கம் தள்ளினார். "சும்மா பெருமைக்கா அண்ணாச்சி எழுதுனீக?"

"ஆமாம்மா."

"அப்பம் மனுவ மாத்தி எழுதுங்க."

மாற்றி எழுதினேன். வெடி வைத்தவர் பெயரை அவர் சம்மதத்தோடு எழுதினேன். தூண்டியது நான் என்று என் பெயரையும், பழைய பதவியையும், முகவரியையும் எழுதி, இதழின் பக்கத்தைக் கிழித்து இணைத்தேன். மறுநாள் மூன்று பேரும் ஒரே பேருந்தில் போனோம்.

நிலையத்தில் இருந்த அதிகாரி இளவயதுக்காரர். மனுவைப் படித்துவிட்டு எனக்கு மட்டும் நாற்காலி போடச் சொன்னார். மக்காச்சோளக்காரரை உள்ளே போய் உட்காரச் சொன்னார். என் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"பத்திரிகைக்கு லெட்டர் போட்டதுக்கெல்லாம் உங்கள எதுக்கு ஐயா இழுக்கணும்? வயசானவுக. மருந்து எங்கன வாங்குனான்னு இவன்ட்டதான் விசாரிக்கணும். நீங்க கெளம்புங்க."

"நானும் இருக்கிறேன்" என்றேன்.

"தேவைப்பட்டா கூப்பிடுவோம். வெயிலுக்கு முந்தி வீட்டுக்குப் போங்க."

உள்ளே பெஞ்சில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுந்ததைப் பார்த்தார். 'விட்டுராதீக' என்று மறுபடி சொல்லவில்லை. நான் இன்னும் ஒருமுறை அதிகாரியிடம் கேட்டிருக்கலாம். வாசலிலாவது நின்றிருக்கலாம். ஐயா, வயசானவுக என்று மரியாதையாகச் சொன்னதும் கால்கள் தாமாக வெளியே நடந்துவிட்டன. படி இறங்கும்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

திரும்பும் பேருந்தில் கூட்டமில்லை. அந்தப் பெண் எனக்கு முன்பே ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அதில் தன் பையை எடுத்து வைத்தார்.