ஒட்டிக்கொண்ட முனைகள்

தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் ‘டக்டக் அக்கா’. சுவிட்சுக்குள் ஒன்றையொன்று தொட்டு விலகும் பொட்டளவு வெள்ளி-நிக்கல் முனைகளைச் சோதிப்பது பதினோரு வருடமாக அவள் வேலை. சோதனை இயந்திரம் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சத்தம் சட்டென நின்றது. லட்சம் தட்டு தாங்க வேண்டிய முனைகள் நாற்பதாயிரத்திலேயே ஒட்டிக்கொண்டன. தீப்பொறியில் வெள்ளி உருகி ஒட்டும். அதைத் தடுக்கத்தான் நிக்கல். வேறொரு ஜோடியை மாட்டினாள். அதுவும் ஒட்டியது. ஒன்றை அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தாள். நிக்கல் சீராகப் பரவாமல் கட்டிகட்டியாகக் கிடந்தது. வெள்ளிப் பொடியையும் நிக்கல் பொடியையும் கலந்து அழுத்தித்தான் முனை செய்வார்கள்; அந்தப் பொடி சரியாகக் கலக்கவில்லை. பொடி கலப்பவர் அவள் கணவர்.

நேரே கலவை அறைக்குப் போனாள்.

“போன வாரக் கலவையை எத்தனை மணி நேரம் சுத்த விட்டீங்க?”

“ஆறு.”

“என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் பார்க்கவில்லை. “டிரம் பெல்ட் வழுக்குச்சு. ரெண்டு மணி நேரத்துல நிறுத்திட்டேன். சரக்கு எங்க எங்கன்னு உயிரை எடுத்தாங்க. ஆறுன்னு எழுதிட்டேன்.”

“அதுல செஞ்ச முனை ரெண்டு பெட்டி கிரேன் கம்பெனிக்குப் போயிருச்சுங்க. முனை ஒட்டிக்கிட்டா, பட்டனை விட்டாலும் கொக்கி நிக்காம ஏறும். கீழ ஆள் நிப்பாங்க.”

“சொன்னா என் வேலை போயிரும்.”

“தெரியும்” என்றாள்.

முதலாளி அறையை நோக்கி நடந்தாள். பின்னாலேயே காலடிச் சத்தம். கதவருகே கணவர் அவளை முந்திக்கொண்டு உள்ளே போனார்.

“சார், தப்பு என்னோடது” என்று நடந்ததையெல்லாம் சொன்னார்.

முதலாளி திட்டக்கூட நேரம் எடுக்காமல் போனை எடுத்தார். கிரேன் கம்பெனியில் விசாரித்தால், ஒரு பெட்டி இன்னும் பிரிக்கவில்லை. இன்னொன்றிலிருந்து எடுத்தவை ஒரு கிரேனில் ஏறிவிட்டன. அது அப்போது பாரம் தூக்கிக்கொண்டிருந்தது. “மெயினை அணைங்க, ஆளை விலக்குங்க!” என்று கத்தினார். மறுமுனையில் யாரோ ஓடினார்கள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“நிறுத்தியாச்சு சார். யாருக்கும் ஒண்ணுமில்ல.”

அவள் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கணவரின் வேலை போகவில்லை. ஆனால் கலவை அறையிலிருந்து மூட்டை கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். நான்காம் நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

“திரும்பி வந்த பெட்டியை இன்னைக்கு நான்தான் பிரிச்சேன். கை நடுங்கிருச்சு.”

“எனக்கு இன்னும் நடுங்குது” என்றாள் அவள்.