டிரில்லர் கற்றுக்கொடுத்த தமிழ்

புதுச்சத்திரத்தில் எங்கள் போர்வெல் கம்பெனி வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. அதில், ரிக்கை இயக்கித் துளை போடும் எங்கள் டிரில்லர் உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு மழைக்காலத்தில்தான். மற்ற ஆண்டுகளிலெல்லாம் ரிக் வண்டியின் டயரில் சாய்ந்து நின்றபடியே இருந்தார். வருகிறவருக்கெல்லாம் ‘வாங்க, உக்காருங்க’ சொல்லும் ஊர் இது. ராசிபுரத்து நெசவு வீட்டிலிருந்து கணக்கெழுத வந்த எனக்கும் அந்த ‘ங்க’ முதல் நாளே கிடைத்தது. முதலாளியைவிட வயதில் மூத்தவரான டிரில்லருக்கு மட்டும் ‘டேய்’. அவர் காலனிக்காரர். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

கம்பெனி தான்சானியாவுக்கு ரிக் அனுப்பியபோது அவரும் போய்விட்டுத் திரும்பினார். சில ஆண்டுகள் கழித்து, அங்கே அவரிடம் தொழில் பழகிய அந்த நாட்டுக்காரர் ஒருவர் வண்டிப் பழுது பார்க்கும் பயிற்சிக்காக இங்கே வந்தார். டீக்கடையில் அவருடைய தலைமுடியைத் தொட்டுப் பார்த்து, ‘நம்ம டிரில்லருக்கு அண்ணன்டா’ என்று சிரித்தார்கள். அலுவலகத்தில் அவர் வெளிநாட்டு விருந்தாளி. முதலாளியே நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. டயரோரம் நின்ற டிரில்லரைப் பார்த்து, ‘அண்ணா, உக்காருங்க’ என்றார்.

முதலாளி சிரித்துவிட்டார். “ஏனுங்க, அவனுக்கெதுக்குங்க ‘ங்க’? வாடான்னாலே வருவான்.”

“வாடான்னா என்னங்க?” விருந்தாளி உண்மையாகவே கேட்டார். “அண்ணன் அதைச் சொல்லித் தரலைங்களே.”

அந்த நாட்டில் டிரில்லர்தான் மேலாள். இங்கே வாங்கியதையெல்லாம் அங்கே திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவர் கற்றுக்கொடுத்த தமிழில் அந்தச் சொல்லே இல்லை. முதலாளி எங்கோ பார்த்தபடி, “சரி, உக்காருங்க” என்றார். டிரில்லர் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

விருந்தாளி ஊர் திரும்பினார். எதற்கும் தேதி குறித்துவைக்கிறவன் நான். ஆனாலும் டிரில்லருக்குக் கிடைத்த ‘வாங்க’ எந்த நாளில் ‘வாப்பா’ ஆனது, எந்த நாளில் மறுபடி ‘டேய்’ ஆனது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்த நாள் மட்டும் தெரியும், தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை.

“டேய், வண்டி கெளம்பணும். எந்திரிடா” என்றார் முதலாளி.

அவர் உட்கார்ந்தபடியே பின்னால் திரும்பிப் பார்த்தார். “யாரைச் சொல்றீங்க?”

“உன்னையத்தான். வேற யாரு?”

“அப்படி ஒருத்தன் இங்க இல்லீங்க.” கையுறைகளைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தார். பனமரத்துப்பட்டிப் பக்கம் வேறொருவரின் ரிக்கில் இருப்பதாகக் கேள்வி. அங்கே அவரை எப்படி அழைக்கிறார்கள் என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது டயரோரம் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான். அவர்கள் எங்களை ‘வாங்க’ என்கிறார்கள். நாங்கள் அவர்களை ‘வாடா’ என்கிறோம். காதில் விழும் ஒவ்வொரு முறையும் கணக்கில் கூட்டல் தப்புகிறது. இன்று காலை, அவர்களில் நரைத்த தலைக்காரர் ஒருவரிடம் அந்தச் சிவப்பு நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க” என்றேன்.

யாரைச் சொல்கிறேன் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.