காதுக்குப் பிந்தி வந்த தபேலா

மட்டக்களப்பில் என் வீட்டு அறையில்தான் ஒலிப்பதிவு. மாலைக்குள் பாடலை அனுப்பியாக வேண்டும். கணினியில் ஓடிய இசைக்கு, வாகரையிலிருந்து வந்த ரவி அண்ணன் தபேலா வாசித்தார். ஒவ்வொரு முறையும் தாளம் தடுமாறியது. ஐந்தாவது முறை, பாட வந்திருந்த பாடகியின் முன்னாலேயே கத்திவிட்டேன்: "உங்களுக்குத் தாளமே பிடிபடுதில்லயே!"

அவர் முகம் கறுத்தது. ஹெட்போனைக் கழற்றி நீட்டினார். "இதப் போட்டுக்கொண்டு நீங்க ஒருக்கா தட்டிப் பாருங்க, தம்பி."

தட்டினேன். விரல் பட்டுச் சற்றுப் பிந்தித்தான் சத்தம் கேட்டது. தபேலாவின் ஒலி மைக்கிலிருந்து கணினி வழியே சுற்றி ஹெட்போனுக்கு வந்ததால் ஏற்பட்ட தாமதம். அதைச் சரிசெய்ய நான்தான் மறந்திருந்தேன்.

தபேலாவின் ஒலி நேரே ஹெட்போனுக்குப் போகும்படி மாற்றினேன். "பிழை என்ட பக்கம்தான், அண்ணன்" என்றேன். அவர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, ஒரே தடவையில் வாசித்து முடித்தார்.

பாடல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பிறகு என் வீட்டுக்கு வரவேயில்லை. அந்தப் பாடலை என்னால் இன்றுவரை முழுதாகக் கேட்க முடிந்ததில்லை.