பேராவூரணியில் கிடைத்த பேட்ச்

தமிழ் எழுத்துச் செயலி ஒன்றை உருவாக்கும் தன்னார்வக் குழுவுக்கு நான் பொறுப்பேற்றபோது, குழுவில் ஆளே இல்லை. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், யாரும் நிரலைத் திருத்தலாம் என்ற திறமூல மென்பொருள் அது. தஞ்சாவூரில் ஒரு கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் எனக்கு வேலை. இது மாலை நேர ஆசை. தொடங்கியவர் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போயிருந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்துவிட்டார்கள். செயலியில் ஒரு பெரிய பக், அதாவது நிரல் பிழை, வேறு. 'கொ' என்று அடித்துவிட்டு பேக்ஸ்பேஸ் தட்டினால் வரி முழுக்கக் காணாமல் போகும். அதைச் சரிசெய்யாமல் புது வெர்ஷன் விட முடியாது.

"எல்லாருக்கும் நல்ல வேல கெடச்சிடுச்சு. இனிமே ஓசியில யாரு எழுதுவா?" என்றார் லேபில் உடன் வேலை பார்த்த விக்டர். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் ஓய்ந்தவர்களில் கெட்டிக்காரரான ஸ்டெல்லா பேராவூரணியில்தான் இருந்தார். பஸ் ஏறினேன்.

அவர் அங்கே பிரவுசிங் சென்டர் நடத்தினார். வெளியே தேங்காய் லாரிகள். உள்ளே துபாயில் இருக்கும் கணவரோடு வெப்கேமில் பேச ஒரு பெண் காத்திருந்தார்.

"நேரம் கெடைக்கலயாம்மா?" என்றேன்.

"நேரமெல்லாம் இருக்கு சார். அந்த பேக்ஸ்பேஸ் பக்குக்கு போன பொங்கலுக்கே பேட்ச் அனுப்பிட்டேன். நல்லாருக்குன்னும் சொல்லல, நல்லால்லன்னும் சொல்லல. எவ்வளவு நாள் கதவத் தட்டிக்கிட்டே நிக்கிறது?"

பேட்ச் என்றால் நிரல் திருத்தம். நான் தேடிய திருத்தம் ஏற்கெனவே வந்திருக்கிறது. வந்த இடம், குழுவைத் தொடங்கிய அமெரிக்காக்காரர் கைவிட்டுப்போன பழைய மெயில் பெட்டி. பேட்சைச் சேர்க்கும் அனுமதியும் அவரிடம் மட்டுமே இருந்தது.

ஸ்டெல்லா தன் மெஷினில் திருத்திய செயலியைத் திறந்து, காத்திருந்த பெண்ணை அழைத்தார். "அக்கா, கொழுக்கட்டைன்னு அடிச்சு ஒவ்வொரு எழுத்தா அழிங்க."

அவர் அழித்தார். வரி அப்படியே நின்றது. எழுத்துகள் மட்டும் ஒவ்வொன்றாகப் போயின.

"இதுக்கா தஞ்சாவூர்லேர்ந்து வந்தீங்க?" என்றார் அந்தப் பெண் என்னிடம். ஸ்டெல்லா சிரித்துவிட்டார்.

அங்கிருந்தே அமெரிக்காக்காரரின் புது முகவரிக்கு எழுதினேன். மறுநாள் காலை மன்னிப்பு கேட்டுப் பதில் வந்தது; எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் அனுமதி கொடுத்திருந்தார். பேட்ச் சேர்ந்தது, வெர்ஷன் வெளிவந்தது.

அதற்குப் பிறகு குழுவில் ஒரே விதிதான். எந்தப் பேட்ச் வந்தாலும் உடனே பதில் போட வேண்டும், 'இன்னும் பார்க்கவில்லை' என்றாவது. ஓய்ந்தவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். தன்னார்வலர் வேலைப்பளுவால் மட்டும் விலகுவதில்லை. அனுப்பியதை யாரும் பார்க்கவில்லை என்று தோன்றினால் விலகிவிடுகிறார்.

விதிப்படி ஸ்டெல்லா எழுதிய முதல் பதில் எனக்குத்தான் வந்தது: "சார், உங்க பேட்ச் பாத்தேன். தப்பா இருக்கு. காரணம் கீழே."

கீழே இரண்டு பக்கம் இருந்தது.